தொட்டில் பாடம்

டூட்டி முடிந்து வந்த நர்ஸ் ஆக்னஸ், ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே வெளிநாட்டு வேலைக்கான தேர்வுப் பாடத்தை ராகம் போட்டு ஒப்பித்தாள். ஒரே வார்த்தை பெயராகி, வினையாகி, வால் முளைத்து நீண்டுகொண்டே போனது. “பியூட்டி, பியூட்டிஃபை, பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்லி...”

“ஏட்டி, பச்சப்பிள்ளைக்கு இதா தாராட்டு?” என்றாள் மாமியார்.

“ரெண்டையும் தனித்தனியா செய்ய நேரம் எங்க இருக்கு மாமி?”

“இந்தத் தடவையாவது பாஸாயிருவியா?”

“பாஸாகி நான் வெளிநாடு போயிட்டா இவன்தான் பாவம். என் சத்தம் கேக்காம கண்ண மூடமாட்டான்.”

அடுத்த சுற்றில் பாதி வார்த்தையிலேயே ஆக்னஸின் தலை சுவரில் சாய்ந்தது. பிள்ளை சிணுங்கினான். மாமியார் தொட்டில் கயிற்றைப் பிடித்து, அதே ராகத்தில், முதல் வார்த்தையிலிருந்து தொடங்கினாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிள்ளை உறங்கிவிட்டான். ஆக்னஸ் விழித்துத்தான் இருந்தாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை.