இளவரசனின் கட்டு

சீனத் தொடரில் அம்பு பட்ட இளவரசனுக்கு இடது கண்ணில் கட்டு. அடுத்த காட்சியில் அது வலது கண்ணுக்கு மாறியிருந்தது. வீட்டில் என்றால் செராபின் இயக்குநரைத் திட்டித் தீர்த்திருப்பார். இன்று இடது கண்ணில் புரை எடுக்க, பச்சை அங்கியோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர் கைபேசியை மனைவியிடம் நீட்டிவிட்டார்.

“அத்தனை பேர் நின்னு எடுத்தும் மாறிப்போச்சே, ரீத்தா. உள்ள நாலு பேருதான் இருப்பாங்க.”

நர்ஸ் சிரிக்கவில்லை. “எந்தக் கண்ணுங்கய்யா?” என்று மூன்றாம் முறையாகக் கேட்டு, இடது புருவத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, அவர் விரலைப் பிடித்து அதைத் தொடவைத்தாள். பிறகு உள்ளே அழைத்துப் போனாள்.

கதவு மூடியது. “இடது கண்ணு, ஆண்டவரே” என்று வேண்டிய ரீத்தா, எதற்கும் இருக்கட்டுமென்று தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். விரலை எடுக்கப் பயமாக இருந்தது.