பதிலுக்கு வருபவர்

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் திடீரென்று இறந்துபோனார். அடுத்த வாரமே அவருக்குப் பதிலாக என்னைப் போட்டார்கள். பதிலுக்கு வருபவளைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. நான் தொண்டை வறளக் கத்தினேன். என் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நான் "புது மிஸ்".

மூன்றாம் வாரம், கடைசி பெஞ்சுப் பெண் முதல்முறையாகப் பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதி, நோட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

காலையில் திறந்தால், 'நன்று' அடிக்கப்பட்டிருந்தது. கீழே ஊதா மையில், 'வழிமுறை எங்கே? மறுபடி போடு.'

"யாருடி இதை எழுதினது?"

"எங்க பழைய மிஸ்தான். அவங்க மட்டும்தான் ஊதாவுல எழுதுவாங்க," என்றாள் அந்தப் பெண். அதற்குள் மறுபடி போடத் தொடங்கியிருந்தாள்.

நோட்டோடு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விடுப்பு ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்.

"நாளையிலேர்ந்து லீவுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? பதிலுக்கு ஆள் இருக்கு, சரி. உடம்புக்கு என்ன?"

இந்தப் பள்ளியில் முதல்முறையாக என் பெயரை முழுசாக எழுதியிருந்தார்கள், ஊதா மையில். பதிலுக்கு வருபவர் என்ற கட்டத்தில் பழைய டீச்சரின் கையெழுத்து இருந்தது. எதுவரை என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.