நடு அட்டை

காகிதச் சுருள் கையை விட்டுப் பறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதன் நடுவில் இருந்த கெட்டி அட்டை வளையத்தை நான் எடுக்கவில்லை.

மல்யுத்த மேடையில் அறிவிப்பாளர் வீராங்கனை கொஹாருவின் பெயரை இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலா பக்கமிருந்தும் ஆரஞ்சு நிறக் காகிதச் சுருள்கள் வால் நீட்டிக்கொண்டு பறந்து போய் அவள் தலையிலும் தோளிலும் விழுந்தன. எல்லாம் பூ மாதிரி விழுந்தன. ஒன்று மட்டும் அவள் நெற்றியில் ‘டொக்’கென்று பட்டது.

என்னுடையதுதான். மறுபடியும்.

ஒசாகாவில் மல்யுத்தம் பார்க்க வருகிற எவரும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். சுருளை வாங்கினால் நடு அட்டையை உருவி எறிந்துவிட்டு, காகிதத்தைக் கையாலேயே மறுபடி சுற்றி எடுத்து வர வேண்டும். அட்டையோடு எறிகிறவனைப் பக்கத்து இருக்கைக்காரன்கூட மதிக்க மாட்டான்.

மூன்று நாள் உட்கார்ந்து அறுபது சுருளுக்கு அட்டை எடுத்திருந்தேன். “நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ வேலை பாக்கல” என்று என் மனைவி வாய்க்கு வாய் சொல்லிக் காட்டினாள். அவளுக்குப் பதில் சொல்லப் போன நேரத்தில்தான் அந்த ஒன்று தப்பியிருக்க வேண்டும். பழியை அவள் மேல் போட்டுவிட்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கொஹாரு நெற்றியைத் தடவிப் பார்த்தாள். சிவந்து புடைத்திருந்தது.

“யோவ், சாம்பியன் தொடுறதுக்கு முன்னாடி நீயே அடிச்சு சாய்ச்சுடுவ போலிருக்கே!” என்றார் பக்கத்து இருக்கை யொனேதா.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஒரு நிமிடம் தாமதமானாலும் மைக்கில் மன்னிப்புக் கேட்கிறவன். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னிடம் மைக் இல்லை.

பதினோரு வருடம் தோற்றுத் தோற்றே பெயர் வாங்கிய பெண் அவள். முதன்முறையாக சாம்பியன் பெல்ட்டுக்கு ஆடுகிறாள். இன்று தோற்றால் அந்தத் தோல்வி என் தலையில்தான் விடியும்.

சாம்பியனும் லேசுப்பட்டவள் இல்லை. புடைத்த இடமாகப் பார்த்துத்தான் முட்டினாள். ஒவ்வொரு முட்டுக்கும் நான்தான் “அம்மா!” என்று கத்தினேன்.

இருபதாவது நிமிடத்தில் கொஹாரு எங்கிருந்தோ பலம் வந்தவள்போல் எழுந்தாள். சாம்பியனைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் வளைந்து சாய்த்தாள். நடுவர் ஒன்று என்றார். இரண்டு என்றார். மூன்று என்றதை நான் கேட்கவில்லை. யொனேதா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் அவள் மேஜை போட்டு உட்கார்ந்து படங்களில் கையெழுத்துப் போடுவாள். வரிசையில் நின்றேன். இத்தனை வருடமும் “ரொம்ப நல்லா ஆடினீங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பேசியே ஆக வேண்டும்.

மேஜைக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தேன். “நெத்தில பட்டது என்னோடது. மன்னிச்சுடுங்க.”

பயந்துகொண்டே நிமிர்ந்தால், கொஹாரு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த பேனாவை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பேனாவின் வால்பக்கம் அழுக்கேறிய வளையம் ஒன்று இருக்கும். விரல் வழுக்காமல் இருக்கப் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நடு அட்டை.

“என் முதல் மேட்ச்ல என் பேரைச் சொன்னப்ப ஒரே ஒரு சுருள்தாங்க வந்துச்சு. இதே நெத்தி, இதே டொக்கு! ரத்தமே வந்துருச்சு. ஆனா, யாருக்குமே தெரியாத எனக்காகவும் ஒருத்தர் வாங்கிட்டு வந்திருக்காரேன்னு அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. ஆரஞ்சுதான் என் நிறம்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.” சிரிப்பு நின்று அவள் கண் விரிந்தது. “ஐயா... அதுவும் நீங்கதானா?”

“நான்தான்” என்றேன். பதினோரு வருடமாகத் தொண்டையில் நின்ற முள் இறங்கியது.

“ஏய், எல்லாரும் இங்க வாங்க! என் முதல் ரசிகர் கெடைச்சுட்டாரு!” என்று மண்டபமே அதிரக் கத்தினாள். பெல்ட்டைக் கழற்றி என் தோளில் போட்டாள். நல்ல கனம். யொனேதா கேமராவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்படியொரு சந்தோஷம்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அன்று நான் போனது அவளோடு மோதிய மூத்த வீராங்கனை மசாகோவுக்காக. நான் பார்க்கப் போன முதல் ஆட்டமும் அதுதான். மூத்தவர் பெயரைக் கடைசியில்தான் சொல்வார்கள் என்று தெரியாது. முதல் பெயர் காதில் விழுந்ததுமே, அது யார் பெயரென்றுகூடக் கவனிக்காமல் எறிந்துவிட்டேன். ஆரஞ்சு, கடையில் மிச்சமிருந்த நிறம்.

அன்றைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்குக் காயம் ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தேன்.

ஆறியிருந்தது. ஆனாலும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன்.