நீலக் குழாய்

"மாசமா இருக்கியாம்மா?" என்று குழாயடியில் பத்துப் பேர் காதுபடக் கேட்டார் ஆலைக் காவலாளி. நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டு வளர்ந்த உலகம்மாளுக்கு, "இல்லண்ணே" என்றுதான் வாயில் வந்தது.

அதனால் மூன்று மாதம் முடியும்வரை அவளுக்கும் நீலக் குழாய்த் தண்ணீரே கிடைத்தது. ஆலையின் ஆண்களுக்கு முடி கொட்டக் கூடாது, புராஸ்டேட் வீங்கி வேலை நேரத்தில் மூத்திரத்துக்கு எழுந்து எழுந்து போகக் கூடாது என்று, நிர்வாகம் குடியிருப்புத் தண்ணீரிலேயே மருந்தைக் கலந்திருந்தது. அந்த மருந்து வயிற்றிலிருக்கும் ஆண் பிள்ளையின் உறுப்பைச் சரியாக வளரவிடாது என்பதால், கர்ப்பிணிகளுக்கு மட்டும் மருந்து கலக்காத வெள்ளைக் குழாய்.

பிறந்த பிள்ளை ஆணா பெண்ணா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

பதினைந்தாம் நாள், புதிதாகக் கல்யாணமான ஆலை அதிகாரி ஒருவர் தாளோடு வந்தார். "நீங்கதானம்மா இல்லைன்னு சொன்னீங்க? குறைக்கு நாங்க பொறுப்பில்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எம் பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்ல சார். குறை உங்க தண்ணியில." பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "உங்க வீட்டுல ஏதும் விசேஷம் உண்டா?"

"அது... மூணு மாசம் ஆகட்டும்னு யார்கிட்டயும் சொல்லல" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உலகம்மாள் நீலக் குழாய்த் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். "அப்ப இதக் கொண்டுபோய் அவங்களுக்குக் குடுங்க."

அதிகாரி தாளை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.