இன்னொரு ஸ்பூன்

லைல் கார்மைக்கேல் துப்பவில்லை. விழுங்கிவிட்டார்.

துப்புவதற்கென்றே மேஜைக்கு அடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். நாய் உணவை ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைக்க வேண்டும், "என் டியூக்குக்கு இதுதான் பிடிக்கும், எனக்கும்தான்" என்று சொல்லிச் சிரிக்க வேண்டும், கட் சொன்னதும் துப்பிவிடலாம். விளம்பரம் அவ்வளவுதான்.

"டேக் ஓகே சார். வாயைக் கொப்பளிச்சுக்குங்க," என்றான் டைரக்டர் விக் பெட்ரோஸ்கி.

"இல்ல தம்பி. 'எனக்கும்தான்'ங்கிற இடத்துல கொஞ்சம் இழுத்துட்டேன். இன்னொரு தடவை போவோம்."

பர்பாங்கில் இருந்த அந்தச் சின்ன ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. விளக்குச் சூட்டில், டியூக் என்ற அந்த வாடகை நாயின் தட்டிலிருந்து ஈரலும் கொழுப்பும் கலந்த வாடை எழுந்து கூரைக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்தது. கேமராமேன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தான்.

விக்குக்கு அந்த வாடை புதிதல்ல. ஓமஹாவில் அவனுடைய அப்பா வேலை பார்த்த இறைச்சிக் கூடத்தில் அவனும் குடல் கழுவியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை தியேட்டரில், பார்வையிழந்த நீதிபதியாக கார்மைக்கேல் நடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வேலையை உதறிவிட்டு லாஸ் ஏஞ்சலீஸுக்கு பஸ் ஏறினான். அந்த வருஷத்தின் சிறந்த நடிகருக்கான தங்கச் சிலை கார்மைக்கேலுக்குத்தான் கிடைத்தது.

அந்த மனிதர்தான் இப்போது ஸ்பூனை டப்பாவுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டையைக் கச்சிதமாக இஸ்திரி போட்டிருந்தார். மெலிந்த கழுத்துதான் காலருக்குள் ஆடியது. காலையில் வந்ததும் ஒருத்தி டோனட் தட்டை நீட்டியபோது, "வேண்டாம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்று அரசர் மாதிரி கையசைத்திருந்தார்.

இரண்டாவது டேக்கிலும் விழுங்கினார். மூன்றாவதிலும் விழுங்கினார். வாய் ஓரத்தில் வழிந்த பழுப்புக் குழம்பை நாக்கை நீட்டி நக்கிக்கொண்டபோது விக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாய் உணவுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஸ்டாடர் மட்டும் குஷியாக இருந்தார். "வீட்டுல நாய் வளர்க்கிறீங்களா மிஸ்டர் கார்மைக்கேல்?"

"இல்ல. என் மனைவி போனதுக்கப்புறம் வீட்டுல நான் மட்டும்தான்." நாப்கினால் உதட்டை ஒற்றிக்கொண்டார். "உங்க சரக்குல ஈரல் போட்டதுதான் தேவலை. கோழி போட்டது அவ்வளவு சரியில்லை."

"பார்த்தியா விக்? நம்ம சரக்கைப் பத்திப் படிச்சுட்டு வந்திருக்காரு. பழைய ஆளுங்க பழைய ஆளுங்கதான்."

விக் கேமரா பக்கம் நகர்ந்துகொண்டான்.

"இன்னொரு தடவை," என்றார் கார்மைக்கேல். "ஸ்பூன் மேலே வர்றப்ப என் கை நடுங்கிடுச்சு."

"நடுங்கல சார். நல்லாத்தான் இருந்தது."

"எனக்குத் தெரியும் தம்பி. எடு."

எடுத்தான். கட் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. டப்பாவைச் சாய்த்துப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்ததைக் கரகரவென்று சுரண்டி வாயில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருவன் ஓங்கரித்தபடி கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினான்.

ஸ்டாடர் கை குலுக்கிவிட்டுக் கிளம்பினார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். விக் மேஜையருகே போய் நின்றான்.

"ஒண்ணு கேட்கலாமா சார்? அந்த ஆள் முன்னாடி நல்ல பேர் வாங்கணும்னா இவ்வளவு கீழே இறங்கணுமா? முதல் டேக்கே சரியா இருந்தது. வாளியும் பக்கத்துலயே இருந்தது."

"குடுத்த வேஷத்தை முழுசா செய்யணும் தம்பி."

"வேஷமா? உங்களைப் பார்த்துத்தான் நான் இந்த ஊருக்கே வந்தேன். இன்னைக்கு உங்களைப் பார்க்கவே எனக்குக் குமட்டுது."

கார்மைக்கேல் நாப்கினை நான்காக மடித்து ஸ்பூனுக்குப் பக்கத்தில் வைத்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

"போதும் விக், நிறுத்து," என்றாள் மேவிஸ். படப்பிடிப்புச் சாமான்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. ஐம்பது வயதைத் தாண்டியவள். காலையில் டோனட் நீட்டியதும் அவள்தான்.

கார்மைக்கேலின் பக்கம் திரும்பினாள். "நீங்க கோவிச்சுக்கக் கூடாது சார். கம்பெனிக்காரர் போகட்டும்னுதான் இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம இருந்தேன்."

"என்னம்மா?"

"உங்க படம் ஒண்ணு விடாம பார்த்தவ நான். உங்க வாயில அந்தக் கண்றாவியை வைக்க எனக்கு மனசு வரல. காலையிலயே டப்பாவைக் கொட்டி, வெந்நீர் விட்டுக் கழுவிட்டு, எங்க வீட்டுல வச்ச மாட்டிறைச்சிக் குழம்பைத்தான் ஊத்தி வச்சேன். மேல இருக்கிற லேபிள் மட்டும்தான் அவங்களோடது. ஒரு ஸ்பூன்கூட நாய்ச் சாப்பாடு உங்க உள்ளே போகல சார்."

விக்குக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. இத்தனை பெரிய கலைஞரை என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தான்.

கார்மைக்கேல் சிரிக்கவில்லை. காலி டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"அதானே பார்த்தேன்," என்றார் மெதுவாக. "வீட்டுல நான் சாப்பிடுற இதே டப்பாவுல இந்த ருசி வராதே."