தொப்பைப் படம்

கைப்பேசியில் இருந்த உடற்பயிற்சிச் செயலிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை ஐந்தரையிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது.

"எழுந்திருங்க சார்! இன்னைக்கு எட்டு கிலோமீட்டர் ஓடணும்!"

அந்த மூன்றாம் மாடி வீட்டில் இளம்பரிதி முழங்காலில் ஐஸ் பையோடு படுத்திருந்தார்.

"கத்தாதே," என்றது கட்டிலடியில் கிடந்த ஷூ. "நேத்து நீ ஓட விட்டதுலதான் அவர் முட்டி போச்சு."

"என்மேல என்ன தப்பு? அனுபவம் எவ்வளவுன்னு கேட்டேன். 'தேர்ந்தவர்'னு அவரே தொட்டாரு."

"என்னை வாங்கியே நாலு நாள்தான் ஆகுது. 'புதியவர்' பக்கத்துல நீ என்ன படம் போட்டிருந்தே?"

"தொப்பைக்காரர் ஒருத்தர் மூச்சு வாங்குற மாதிரி. சும்மா, சிரிப்புக்கு."

"மக பக்கத்துல உக்காந்து பாக்குறப்ப எந்த அப்பன் அதைத் தொடுவான்?"

செயலி சட்டென்று அதிர்வதை நிறுத்தியது. படத்தை எடுத்தது. கேள்வியையும் மாற்றிக் கேட்டது: 'கடைசியாக எப்போது ஓடினீர்கள்?'

இளம்பரிதி அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை.

'நேற்று. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில்,' என்று தட்டினார்.

பிறகு, இலக்கு என்ற இடத்தில் இருந்த 'மாரத்தான்' என்பதை அழித்துவிட்டு, 'எங்கள் வீட்டு மாடிப்படி' என்று எழுதினார்.