உஷாராணி போட்ட வெயில்

அந்த வீட்டுக்குள் வெயில் வந்து ஏழு வருடம் ஆகிறது. உஷாராணியின் போனில் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடி ஃபிளாட். எதிரே முப்பது மாடிக் கொண்டோ குடியிருப்பு ஒன்று எழும்பியதோடு ஹாலில் நிரந்தர இருட்டு. வாடகைக்கு விடும் பொறுப்பு ஏஜென்ட் உஷாராணிக்கு. அவள் போட்டோவை ஏஐயிடம் கொடுத்து, "காலை வெயில் போடு" என்றாள். போட்டது. சிமென்ட் தரை மார்பிள் மாதிரி மின்னியது.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சின்னையாவே போன் செய்தார். "இது யார் வீடும்மா? நல்லா இருக்கே!"

"உங்க வீடுதான் அங்கிள்."

ஆறு பேர் வந்து பார்த்தார்கள். வாசலில் நின்று போனைப் பார்ப்பார்கள், ஹாலைப் பார்ப்பார்கள், மறுபடி போனைப் பார்ப்பார்கள். படம் பொய் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒருவர் வாஸ்து சரியில்லை என்றார். இன்னொருவர் பார்க்கிங் இல்லையே என்றார். அவரிடம் காரே இல்லை.

ஏழாவதாகக் கூப்பிட்டவர் கமலநாதன்.

"விளம்பரம் பார்த்தீங்களா சார்?"

"பார்க்கலம்மா, கேட்டேன். எனக்குக் கண்ணு தெரியாது. படத்தைக் காட்டினா என் போன் படிச்சுச் சொல்லும். 'பெரிய ஜன்னல், தரை முழுக்கக் காலை வெயில்'னு சொல்லுச்சு. கேட்கவே சந்தோஷமா இருந்துச்சு."

உஷாராணிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வீட்டுக்கென்றே பிறந்த ஆள்! நெஞ்சில் லேசாக ஏதோ உறுத்தியது. 'அவருக்கு இருட்டும் ஒன்னு, வெளிச்சமும் ஒன்னு. யாருக்கு என்ன நஷ்டம் லா?' என்று அதைத் தட்டி உட்கார வைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கமலநாதன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கைத்தடியோடு மூன்று மாடியும் ஏறி, மேலே நின்று அவளுக்காகக் காத்திருந்தார். அவள்தான் மூச்சு வாங்கினாள்.

குழாய்களைத் திறந்து பார்த்தார். சுவரைத் தடவினார். ஹால் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார்.

"நல்ல வீடும்மா. ஹால் பெருசு."

உஷாராணி பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தாள்.

அவர் ஜன்னலைத் திறந்து முகத்தை நீட்டினார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். கையைத் திருப்பிப் புறங்கையையும் காட்டினார்.

"வெயில் எங்கம்மா?"

"அது வந்து... வானம் மூடியிருக்கு சார். மழை வரும்போல."

"அப்படியா? இப்பதானே ஸ்டேஷன்ல இருந்து நடந்து வந்தேன். சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு."

உஷாராணிக்கு ஏசி இல்லாத அந்த ஹாலில் இன்னும் கொஞ்சம் வேர்த்தது.

"எதிர்ல ஏதோ பெருசா நிக்குது. கீழ ரோட்டுல ஓடுற மோட்டார் சைக்கிள் சத்தம் அதுல பட்டுத் திரும்புது," என்றார் அவர்.

மாட்டிக்கொண்ட எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. "சார், உங்களுக்கு எதுக்கு சார் வெளிச்சம்?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நியாயமான கேள்விதான்."

அந்தச் சிரிப்புதான் அவளை உடைத்தது.

"சாரி சார். எதிர்ல கொண்டோ. வெயில் நான் போட்டது, போன்ல. ஆறு பேர் கண்ணால பார்த்தாங்க, ஒருத்தர்கூடக் கேட்கல. நீங்க எப்படி..."

"அவங்களுக்கு வெயில் கண்ணுல தெரிஞ்சாப் போதும். எனக்குக் கை மேல படணும்."

உஷாராணி அங்கேயே நின்று விளம்பரத்திலிருந்து வெயில் படத்தை நீக்கிவிட்டு, இருட்டுப் படத்தைப் போட்டாள். கீழே, 'நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு ஏற்ற வீடு' என்று தட்டினாள். பொய் சொல்லாமல் விளம்பரம் எழுதுவது அவளுக்கே புதிதாக இருந்தது.

"சார், கிள்ளான்ல ஒரு வீடு இருக்கு. பழைய வீடு, கிச்சன் சின்னது. ஆனா கிழக்குப் பார்த்தது. இப்பவே வாங்க, நீங்களே கையை நீட்டிப் பாருங்க. கார்ல கூட்டிட்டுப் போறேன்."

கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கம்போல ஜாம். அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லையே. வீட்டுக்குள்ள வெயில் யாருக்கு?"

"என் மனைவிக்கு. மலர்விழிக்குக் கண்ணு நல்லாத் தெரியும். வீட்டுல உட்கார்ந்து துணி தைக்கிறா. போன வாரம் சும்மா விளையாட்டா அவளைப் படம் எடுத்து, என்ன தெரியுதுன்னு போன்கிட்ட கேட்டேன். 'இருட்டான அறையில் ஒரு பெண் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார்'னு சொல்லுச்சு. அப்ப மணி பகல் பன்னெண்டு."

"ஐயோ! வீடு இருட்டா இருக்குன்னு அக்கா உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

கமலநாதன் கைத்தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினோரு வருஷமா சுவிட்ச் தட்டுற சத்தம் கேட்கும்போதெல்லாம், 'பட்டப்பகல்ல எவனாவது லைட் போடுவானா?'ன்னு கத்துவேம்மா. அவ ஒரு வார்த்தை பேசாம அணைச்சிடுவா."